அழைப்பவர் யார்? – மறைக்கப்பட்ட தொலைபேசி எண்ணின் வரலாறு



2011ஆம் ஆண்டு. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் வகுப்பாசிரியராக இருந்தேன். ஒரு நாள் முற்பகலில் மாணவி ஒருத்திக்குக் கடும் காய்ச்சல் கண்டது. அலுவலகத் தொலைபேசி அன்று பழுதாகியிருந்தமையால், என் கைப்பேசியிலிருந்தே அவள் தாயாரை அழைத்தேன். மணி ஒலித்தது, எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தேன், துண்டிக்கப்பட்டது. ஏழெட்டு முறை முயன்று ஓய்ந்தேன்.

பள்ளி முடிந்து மகளை அழைத்துச் செல்ல வந்த அந்தத் தாயிடம், "ஏனம்மா, எத்தனை முறை கூப்பிட்டேன்! ஒரு தடவையாவது எடுக்கக்கூடாதா?" என்று கடிந்தே கேட்டுவிட்டேன். அவர் முகம் வெளிறியது.

"டீச்சர், பிரைவேட் நம்பர்னு வந்துச்சு. நீங்கன்னு தெரியல டீச்சர். ஆலோங்காரங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க. இவங்க அப்பா கடன் வாங்கிட்டு..."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

என் கைப்பேசியில் எண் மறைப்பை இட்டு வைத்திருந்தவள் நான்தான். பெற்றோரிடம் எண் போய்விட்டால் இரவு பத்து மணிக்கும் வீட்டுப்பாடம் பற்றிக் கேட்பார்கள் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கற்றுத் தந்த உத்தி அது. என் அமைதிக்காக நான் மறைத்த எண், இன்னொரு வீட்டில் அச்சமாய் ஒலித்திருக்கிறது. அந்தக் குற்ற உணர்வே இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது. படித்தவற்றை ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

எண்ணே இல்லாத காலம்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கான காப்புரிமையைப் பெற்றது 1876ஆம் ஆண்டு. ஈராண்டு கழித்து, 1878ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் 21 சந்தாதாரர்களுடன் தொடங்கியது. அடுத்த மாதமே அங்கு வெளியான தொலைபேசிப் பட்டியலில் பெயர்கள் இருந்தன, எண்கள் இல்லை. நிலையத்தில் அமர்ந்திருக்கும் இணைப்பாளரிடம் பெயரைச் சொன்னால் போதும். அவர் கம்பியைச் செருகி இணைத்துவிடுவார்.

எண் பிறந்ததற்கு ஒரு நோயே காரணம் என்பது வியப்பான செய்தி. 1879ஆம் ஆண்டு லோவல் நகரில் தட்டம்மை பரவியது. இணைப்பாளர்கள் நோயில் படுத்துவிட்டால், எந்தத் துளை யாருடையது என்பது புதிதாய் வருபவருக்குத் தெரியாதே என்று மோசஸ் கிரீலி பார்க்கர் என்னும் மருத்துவர் கவலையுற்றார். பெயருக்குப் பதில் எண் வழங்குமாறு அவர் கூறிய யோசனை ஏற்கப்பட்டது.

அக்காலத்தில் அழைப்பவர் முற்றிலும் மறைந்திருக்க இயலாது. மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாவிட்டாலும், எந்தக் கம்பியிலிருந்து அழைப்பு வருகிறது என்பது நடுவில் இருக்கும் இணைப்பாளருக்குத் தெரியும்.

அந்த நடுவரை நீக்கியவர் கன்சாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பாளர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவர் ஐயுற்றதாகச் சொல்லப்படுகிறது. 1891ஆம் ஆண்டு தானியங்கி இணைப்புப் பொறிக்கு அவர் காப்புரிமை பெற்றார். 1892ஆம் ஆண்டு இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அம்முறையில் முதல் நிலையம் திறக்கப்பட்டது. தானியங்கி நிலையங்கள் பெருகப் பெருக, அழைப்பவரை அறிந்த நடுவர் மறைந்தார். முகமற்ற அழைப்பு உலகில் வேரூன்றியது.

எங்கள் இளமையும் அப்படிப்பட்டதுதான். ஆசிரியர் பயிற்சிக் கழக விடுதியில் இருந்த காசுத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு அழைப்பேன். யார் அழைக்கிறார் என்று தெரியாமலேதான் அம்மா ஓடி வந்து எடுப்பார். அந்த ஓட்டத்தில் அச்சம் இருந்ததில்லை, ஆவல்தான் இருந்தது.

எண் வெளிப்பட்டதும் எழுந்த வழக்கு

அழைப்பவரின் எண்ணை மறுமுனையில் காட்டும் முயற்சியில் முன்னோடி கிரேக்கரான தியோடர் பராஸ்கெவாகோஸ். 1960களின் இறுதியில் ஆய்வைத் தொடங்கி, 1973ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். சப்பானியரான கசுவோ ஹஷிமோட்டோ 1976ஆம் ஆண்டு எண்ணைத் திரையில் காட்டும் மாதிரிக் கருவியை உருவாக்கினார். 1987ஆம் ஆண்டு நியூ செர்சி மாநிலத்தில் இச்சேவை மக்களிடம் வந்தது.

வந்த வேகத்தில் வாதமும் எழுந்தது. "என் வீட்டுக் கதவைத் தட்டுபவர் யார் என்று அறியும் உரிமை எனக்கில்லையா?" என்றனர் ஒரு சாரார். ஆபாச அழைப்புகளாலும் மிரட்டல்களாலும் வதைபட்டவர்கள் இச்சேவையை வரவேற்றனர். "என் எண்ணை யாருக்குத் தருவது என்று முடிவு செய்யும் உரிமை என்னுடையது அல்லவா?" என்றனர் மறுசாரார். கணவனின் அடிக்குத் தப்பிக் காப்பகத்தில் ஒளிந்திருக்கும் பெண், தன் பிள்ளையிடம் பேச வீட்டுக்கு அழைத்தால், அவள் இருப்பிடமே வெளிப்பட்டுவிடும் என்று அவர்கள் சுட்டிக்காட்டினர்.

பென்சில்வேனியா மாநிலத்தில் இவ்வழக்கு நீதிமன்றம் ஏறியது. அழைப்பவரின் இசைவின்றி எண்ணைக் காட்டுவது ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்று 1990ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. 1992ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றமும் சேவையைத் தடுத்த முடிவை உறுதி செய்தது. கலிபோர்னியாவிலோ, எண்ணை மறைக்கும் வழியைப் பொதுமக்களுக்கு விரிவாகக் கற்பித்த பிறகே, 1996ஆம் ஆண்டு சேவை தொடங்கியது.

இறுதியில் ஒரு நடுவழி கண்டனர். எண் தெரியும், வேண்டுமென்றால் மறைக்கலாம். அமெரிக்காவில் *67 என்று முதலில் அழுத்தினால் அந்த ஓர் அழைப்புக்கு எண் மறையும். 1995ஆம் ஆண்டு இறுதியில் மாநிலங்களுக்கு இடைப்பட்ட அழைப்புகளுக்கும் இம்முறை நடைமுறையானது. பிரிட்டனில் 1994ஆம் ஆண்டு, கடைசியாக அழைத்தவரின் எண்ணை அறிய 1471 என்ற எண் அறிமுகமானது. 141 என்று முன்னால் சேர்த்தால் எண் மறைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டு நெறிமுறையில் இரு பக்கத்தையும் சமன் செய்தது: அழைப்பவர் கட்டணமின்றி எண்ணை மறைக்கலாம், எண்ணை மறைத்து வரும் அழைப்பை ஏற்க மறுக்கும் வசதி பெறுபவருக்கும் இருக்க வேண்டும்.

மறைந்தது எண் அன்று

நம் பிள்ளைகள் அறிய வேண்டிய பகுதி இது. பல கைப்பேசிகளில் #31# என்று முன்னால் இட்டால் எண் மறைகிறது என்பதை மாணவர்கள் எளிதில் தெரிந்துகொள்கின்றனர். "இனி என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்று எண்ணி நண்பனை மிரட்டி விளையாடுகின்றனர்.

உண்மையில் எண் அழிவதில்லை. தொலைபேசி நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் சமிக்ஞை முறையில், அழைப்பவரின் எண் வழக்கம்போலவே பயணம் செய்கிறது. அதனோடு "இதனைக் காட்ட வேண்டா" என்ற ஒரு குறிப்பும் சேர்ந்து செல்கிறது. கடைசி நிலையம் அக்குறிப்பைப் படித்து, மறுமுனைத் திரையில் எண்ணைக் காட்டாமல் விடுகிறது.  நிலையங்களுக்குத் தெரியும், அழைப்பைப் பெறுபவருக்கு மட்டும் தெரியாது. அவசர உதவி எண்களுக்கு அழைக்கும்போது அக்குறிப்பைப் புறந்தள்ளி எண்ணைக் காட்டவும் இயலும். தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் எண் இருக்கும்.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு முன்கட்டணச் சிம் அட்டைகளுக்கும் பதிவு கட்டாயமானது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு, பிறரைத் துன்புறுத்தும் நோக்கில் அழைப்பதைக் குற்றமாக்குகிறது. அழைப்பவர் தம் அடையாளத்தை வெளிப்படுத்தினாலும் வெளிப்படுத்தாவிட்டாலும் குற்றம் குற்றமே என்று அப்பிரிவு சொல்கிறது.

இன்று எண்ணை மறைப்பதினும் பெரிய தொல்லை, பொய்யெண்ணைக் காட்டுவது. வெளிநாட்டிலிருந்து அழைத்துக்கொண்டே உள்ளூர் எண்ணைக் காட்டும் மோசடியைத் தடுக்க, 2020ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் வெளிநாட்டு அழைப்புகளின் முன்னால் கூட்டல் குறி சேர்க்கப்படுகிறது. திரையில் தெரியும் எண்ணையே முழுதாய் நம்பிவிடலாகாது என்பதையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

யார் மறைக்கிறார்?

இவ்வளவையும் படித்த பின் எனக்கு ஒன்று விளங்கியது. எண்ணை மறைப்பது தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. மறைப்பவர் யார் என்பதே கேள்வி. காப்பகத்தில் இருக்கும் பெண் மறைப்பது தன் உயிரைக் காக்க. எளியவருக்கு அது கவசம். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சைல்ட்லைன் என்னும் சிறார் உதவித் தொலைபேசியை அழைத்தால், கட்டணப் பட்டியலில் அந்த அழைப்பு பதிவாகாது. வீட்டிலேயே துன்புறும் குழந்தைக்கு அம்மறைவு எவ்வளவு பெரிய துணை!

வட்டி முதலை மறைப்பதோ அச்சுறுத்த. வலியவர் கையில் அதே மறைப்பு ஆயுதமாகிறது. அப்படியானால் ஆசிரியை ஆகிய நான் எந்தப் பக்கம்? அந்தத் தாயின் முன்னால் நான் எளியவள் அல்லள். அவர் குழந்தை என் பொறுப்பில் இருந்தது. அவர் எண் என்னிடம் இருந்தது. என் எண் மட்டும் அவரிடம் இல்லை.

மறுநாளே எண் மறைப்பை நீக்கினேன். அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டு, என் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் முதல் பெற்றோர் சந்திப்பில் என் எண்ணைக் கரும்பலகையில் எழுதுகிறேன். "மாலை ஆறு மணி வரை அழையுங்கள், அதன்பின் அவசரம் என்றால் மட்டும்" என்றும் சொல்லிவிடுகிறேன். ஓரிருவர் நேரம் தவறி அழைப்பதுண்டு. பெரும்பாலோர் சொன்ன நேரத்தைக் காக்கின்றனர்.

அந்த மாணவி ஆறாம் ஆண்டு முடித்துப் பள்ளியை விட்டுச் செல்லும்வரை, அவள் தாய் இரவில் ஒரு முறைகூட என்னை அழைத்ததில்லை. நான் அழைத்தபோதெல்லாம் இரண்டாம் மணிக்குள் எடுத்துவிடுவார்.