சண்டையில் வெற்றி, போரில் தோல்வி: ஹன்னிபாலும் அதியமானும் ஒரே பலகையில்

கி.மு. 216 ஆகஸ்டு மாதம். இத்தாலியின் தென்பகுதியில் கன்னே என்ற இடத்தில் கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபால், தன் படையைவிடப் பெரிய ரோமப் படையைச் சுற்றி வளைத்து அழித்தார். அன்று ஒரே நாளில் செத்த ரோமர்கள் ஏறத்தாழ 48,000 பேர் என்பது ரோம வரலாற்றாசிரியர் லிவி தரும் கணக்கு. அதற்கு முன்பே டிரெபியாவிலும் (கி.மு. 218), டிராசிமீன் ஏரிக்கரையிலும் (கி.மு. 217) அவர் ரோமர்களைத் தோற்கடித்திருந்தார். இத்தனை வென்றவர்தானே போரையும் வென்றிருக்க வேண்டும்? இல்லை! கி.மு. 201-ல் போர் முடிந்தபோது சமாதான நிபந்தனைகளை எழுதியது ரோம். கையெழுத்துப் போட்டது கார்த்தேஜ்.

இந்தப் புதிரை விளக்க எத்தனையோ புத்தகங்கள் உண்டு. ஆனால் இதைக் கையால் தொட்டு உணர வைக்கும் ஒரு பொழுதுபோக்கும் உண்டு. அதுதான் சிறு பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு.

பொம்மைப் படைகளின் கதை

போரைப் பலகையில் ஆடுவதில் இந்தியாவுக்குப் பழைய உரிமை உண்டு. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு உறுப்புகள் கொண்ட படைக்குச் 'சதுரங்கம்' என்று பெயர். அந்தப் பெயரே ஆட்டத்துக்கும் வந்தது. ஆனால் சதுரங்கத்தில் மழை பெய்யாது, வீரர்களுக்குப் பசிக்காது, இரண்டு பக்கமும் எப்போதும் சமமாக 16 காய்கள்தான்.

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர்கள் பிரஷ்யா நாட்டுக்காரர்கள். ரைஸ்விட்ஸ் என்ற தந்தை தொடங்கிய ஆட்டத்தை அவருடைய மகன், ஒரு ராணுவ அதிகாரி, 1824-ல் உண்மையான நிலவரைபடத்தின் மீது ஆடும்படி திருத்தி வெளியிட்டார். பகடை உருட்டி இழப்பைக் கணக்கிடுவது, நடுவர் ஒருவர் இருப்பது எல்லாம் அதில் வந்துவிட்டன. பிரஷ்ய ராணுவம் அதைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே கொடுத்தது. 1913-ல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு நூலில் பொம்மை வீரர்களை வைத்துத் தரையில் ஆடும் விதிகளை எழுதி, இதை வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

பண்டைக்காலப் போர்களுக்கென்று தனி ஆர்வம் பெருகியது 1960-களில்தான். பிரிட்டனில் டோனி பாத் என்பவர் 1965-ல் பண்டைக்காலப் போர் ஆர்வலர்களுக்கான ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பிறகு 1990-ல் 'டி.பி.ஏ.' என்ற சுருக்கமான விதிநூல் வந்தது. ஒவ்வொரு பக்கமும் 12 அணிகள் மட்டுமே. அதில் 4 அணிகளை முதலில் இழப்பவர் தோற்றவர். ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். ரோமப் படைக்கு மட்டுமல்ல, தமிழ்ப் படைக்கும் அதில் ஒரு பட்டியல் உண்டு.

மேசை எங்கே பொய் சொல்கிறது?

ஒரு மேசைச் சண்டை மட்டும் ஆடினால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். கடைசி வீரன் வரை பலி கொடுத்தாவது ஜெயிக்கலாம் என்று தோன்றும். ஏனென்றால் நாளைக்கு என்று ஒன்று இல்லை! பொம்மைகளைப் பெட்டியில் வைத்துவிட்டால் கதை முடிந்தது. உண்மையான தளபதிக்கோ நாளை என்பதுதான் பெரிய கவலை.

இதற்குத் தீர்வாகத்தான் ஆட்டக்காரர்கள் இரண்டடுக்கு முறை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மேலடுக்கு ஒரு பலகை விளையாட்டு. எந்தப் படை எந்த ஊரில் நிற்கிறது, எந்த நாடு யார் பக்கம், இந்த ஆண்டு எத்தனை புதிய வீரர்கள் என்பதையெல்லாம் பலகை பார்த்துக்கொள்ளும். கீழடுக்கு பொம்மைகள் நிற்கும் மேசை. பலகையில் இரண்டு படைகள் ஒரே ஊரில் சந்தித்தால் மட்டும் மேசைக்கு வந்து சண்டையை ஆடித் தீர்ப்பார்கள். முடிந்ததும் இழப்பை எண்ணி, அதே அளவு காய்களைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். போன அணி போனதுதான்.

ரோமப் போர்களுக்கு இப்படிப் பயன்படுத்தத்தக்க பலகைகளில் ஒன்று, மார்க் சிமோனிச் உருவாக்கி 1996-ல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட 'ஹன்னிபால்: ரோம் எதிர் கார்த்தேஜ்'. இதில் வரைபடம் கட்டங்களாக இல்லை; ஊர்களும் அவற்றை இணைக்கும் வழிகளுமாக இருக்கிறது. மலைக் கணவாய் வழியாகப் போனால் படை தேயும். வெற்றி என்பது எத்தனை பேரைக் கொன்றோம் என்பதில் இல்லை, எத்தனை மாநிலங்கள் நம் பக்கம் இருக்கின்றன என்பதில்தான்.

இப்போது ஹன்னிபாலின் புதிர் அவிழ்கிறது. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கியபோது அவரிடம் எஞ்சியிருந்தவர்கள் 20,000 காலாட்களும் 6,000 குதிரை வீரர்களும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். அதே பொலிபியஸ் சொல்லும் இன்னொரு கணக்கு: ரோமும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து ஆயுதம் ஏந்தத் தக்கவர்களாக வைத்திருந்தது ஏறத்தாழ 7,00,000 காலாட்களையும் 70,000 குதிரை வீரர்களையும். மேசையில் ஹன்னிபால் ஒவ்வொரு முறையும் வெல்லலாம். ஆனால் பலகையில் ரோமின் கிண்ணம் திரும்பத் திரும்ப நிறைகிறது; அவருடைய கிண்ணம் நிறைவதே இல்லை. ஃபேபியஸ் என்ற ரோமத் தளபதி சண்டையைத் தவிர்த்துத் தவிர்த்து நாளைக் கடத்தியது கோழைத்தனம் என்று அவர் காலத்து ரோமர்களே ஏசினார்கள். பலகையில் ஒருமுறை ஆடிப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

கல்வராயன் மலையைச் சுற்றி ஒரு போர்

சரி, இதற்கு ரோம் வரைக்கும் போக வேண்டுமா? கள்ளக்குறிச்சிக்கு அருகே, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் வடக்கனந்தலை வரைபடத்தில் பாருங்கள். மேற்கே மலை, கிழக்கே சமவெளி. இந்த மலைத்தொகுதியைச் சுற்றிக்கொண்டு மேற்குக்கும் கிழக்குக்கும் போக இரண்டு பெரிய வழிகள். வடக்கே செங்கம் கணவாய், அதை ஒட்டித் தென்பெண்ணை. தெற்கே ஆத்தூர் வழி, வசிஷ்ட நதிப் பள்ளத்தாக்கு. பலகை விளையாட்டு செய்பவனுக்கு இதைவிட அருமையான நிலம் கிடைக்காது!

சங்க காலத்தில் இந்த நிலத்தில் ஒரு தொடர்போர் நடந்தது. கிழக்கே திருக்கோவிலூரையும் முள்ளூரையும் ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. மேற்கே தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், அதியமான் நெடுமான் அஞ்சி. தெற்கே கொல்லிமலையில் வல்வில் ஓரி. இவர்களுக்கு அப்பால் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை.

பாடல்களில் சிதறிக் கிடக்கும் செய்திகளை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக இப்படி வரிசைப்படுத்துகிறார்கள். அதியமான் திருக்கோவிலூரைத் தாக்கி வென்றான். இந்த வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையார் சொல்கிறார். தோற்ற காரி சேரனோடு சேர்ந்தான். ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். பிறகு சேரன் தகடூரை முற்றுகையிட்டான். சோழரும் பாண்டியரும் அதியமான் பக்கம் நின்றும் பயனில்லை. தகடூர் விழுந்தது, அதியமானும் மாண்டான். 'தகடூர் எறிந்த' என்பது சேரனுக்கு அடைமொழியே ஆகிவிட்டது.

அதியமான் திருக்கோவிலூருக்குப் போனது புலவர் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981-ல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. சதியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்பது அதன் பொருள். அசோகர் கல்வெட்டில் வரும் 'சதியபுத்திரர்' யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் அதுவே விடை சொன்னது. தகடூர் மன்னன் மலையமான் நாட்டுக்குள், பெண்ணையாற்றை ஒட்டிய ஊரில், ஒரு பள்ளியைத் தானமாகக் கொடுக்கிறான் என்றால் அவன் கை அங்கே ஓங்கியிருந்தது என்றுதானே பொருள்!

இனி இந்தப் போரைப் பலகையில் வையுங்கள். திருக்கோவிலூர், செங்கம், தகடூர், ஆத்தூர், கொல்லி, கருவூர், உறையூர் என்று ஏழு புள்ளிகள்; இடையே கோடுகள். தகடூருக்கும் திருக்கோவிலூருக்கும் நேர்கோட்டிலேயே 100 கிலோமீட்டருக்கு மேல். நாளுக்கு 20 கிலோமீட்டர் நடந்தாலும் ஆறு நாள். ஐப்பசி, கார்த்திகையில் பெண்ணை பெருக்கெடுத்தால் அந்தத் திருப்பத்தில் யாரும் நகரக் கூடாது. யானை வைத்திருப்பவன் தீவனத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். உமணர்களின் உப்பு வண்டி வரும் வழியை அடைத்தால் எதிரிக்கு ஒரு புள்ளி நட்டம்.

முக்கியமான விதி இன்னொன்று: எல்லோருக்கும் வெற்றி ஒன்றல்ல. மூவேந்தரும் காரியின் துணையை வேண்டிப் பொருள் கொடுத்து ஆளனுப்பினார்கள் என்று கபிலர் பாடல் காட்டுகிறது. எனவே காரிக்கு நாடு பிடிப்பது இலக்கல்ல. யாருக்கும் அடிமையாகாமல், எல்லோருக்கும் தேவைப்பட்டவனாக இருப்பதே இலக்கு.

இப்படி வைத்துப் பார்த்தால் அதியமானின் நிலை பளிச்சென்று தெரிகிறது. திருக்கோவிலூரைப் பிடித்தவுடன் அவன் படை செங்கம் வழிக்குக் கிழக்கே மாட்டிக்கொள்கிறது. தெற்கில் அவனுக்குத் தோழனாக இருக்கக்கூடிய ஓரி விழுந்ததும் கொல்லி சேரன் கைக்குப் போகிறது. தகடூரின் தெற்கு வாசல் திறந்துவிடுகிறது. அவன் ஜெயித்த சண்டையே அவனுடைய எதிரிகள் இருவரை ஒன்று சேர்த்தது. ஹன்னிபாலுக்குக் கன்னே எப்படியோ, அதியமானுக்குத் திருக்கோவிலூர் அப்படி.

விளையாட்டு எதை நிரூபிக்கும்?

எதையும் நிரூபிக்காது. பகடையில் ஆறு விழுந்தால் தகடூர் பிழைத்துவிடும். அதனால் வரலாறு மாறிவிடுமா? 'தகடூர் யாத்திரை' என்ற நூல் முழுதாகக் கிடைத்திருந்தால் நமக்கு எவ்வளவோ தெரிந்திருக்கும். சில பாடல்களே எஞ்சின. அந்த ஓட்டையைப் பொம்மைகளால் அடைக்க முடியாது.

ஆனால் விளையாட்டு கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கும். நம் பாடப் புத்தகங்களில் சங்கப் போர் என்றால் ஒரு மன்னன் பெயர், ஒரு ஊர்ப் பெயர், 'வென்றான்' என்ற ஒரு சொல். அவ்வளவுதான். எந்த வழியாகப் போனான்? என்ன தின்றான்? போன பிறகு ஊரை யார் காத்தார்கள்? அடுத்த ஆண்டு யார் எதிரியானார்கள்? இந்தக் கேள்விகள் மனப்பாடம் செய்பவனுக்கு வராது. அடுத்த காயை நகர்த்த வேண்டியவனுக்கு வந்தே தீரும். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிக்கொண்டது அதே செங்கத்தில்தான் என்பதைப் படிக்கும்போது, அவனுக்கு அது இன்னொரு தேதியாக இருக்காது. அந்தக் கணவாய் ஏன் அங்கே முக்கியம் என்று அவன் விரல்களுக்கே தெரியும்.

இதற்கு விலை உயர்ந்த ரோமப் பொம்மைகள்கூடத் தேவையில்லை. ஒரு சார்ட் பேப்பர், புளியங்கொட்டை, சோழி, இரண்டு பகடை போதும். காரிக்குக் கறுப்புக் கொட்டை, ஓரிக்கு வெள்ளைச் சோழி என்று பிரித்துக்கொள்ளலாம். கோமுகி அணைக்கரையில் உட்கார்ந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பலகையின் நடுவில் வரைய வேண்டிய மலை கண்ணுக்கு எதிரிலேயே நிற்கும்.