அழைப்பாளர் (தீங்கியல் சட்டம்)

ஓர் இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் தொழில் நலனை ஒட்டி அங்கே வருபவரைத் தீங்கியல் சட்டம் அழைப்பாளர் (இன்வைட்டி) என்கிறது. பத்திரிகை வைத்து வீட்டுக்கு அழைத்த உறவினர் இதில் சேரமாட்டார். பழைய விதிப்படி அவர் வெறும் அனுமதி பெற்றவர். யாரும் கூப்பிடாமலே தூத்துக்குடிக் கடையொன்றில் மக்ரூன் வாங்க நுழைபவரோ அழைப்பாளர்.

இந்தப் பாகுபாட்டுக்கு வடிவம் தந்தது 1866இல் இங்கிலாந்தில் தீர்ப்பான இண்டர்மார் எதிர் டேம்ஸ் வழக்கு. சர்க்கரை ஆலைக்கு எரிவாயுக் கருவி வேலையாக வந்தவர், தடுப்பில்லாத திறப்பில் விழுந்து காயமடைந்தார். இடத்துக்காரர் தமக்குத் தெரிந்த ஆபத்தை மட்டுமல்ல, தெரிந்திருக்க வேண்டிய அசாதாரண ஆபத்தையும் கவனிக்கக் கடமைப்பட்டவர் என்றார் நீதிபதி வில்ஸ். அனுமதி பெற்றவருக்கு இந்த அளவு பாதுகாப்பு கிடையாது. தெரிந்த மறைவான ஆபத்தைச் சொல்லிவிட்டால் போதும்.

இந்த வேறுபாட்டின் கனத்தை உணர ஸ்ரீரங்கத்தை நினைக்க வேண்டும். 2004 ஜனவரி 23 அன்று கல்யாண மண்டபமொன்றின் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பொதுவாக இத்தகைய இடத்தில் விருந்தினர் பெண் வீட்டாருக்கு உறவினர். வாடகை வாங்கும் மண்டபத்துக்கோ அழைப்பாளர். ஒரே ஆள், ஒரே பந்தி, இரண்டு சட்ட நிலைகள்.

ஒருவர் அழைப்பாளரா, அனுமதி பெற்றவரா என்ற கேள்வி ஆதிச்சநல்லூரிலும் எழும். 1876இல் ஜாகோரும், பின்னர் அலெக்சாண்டர் ரியாவும் அகழ்ந்த இந்த ஈமக்காட்டில், குழிகளுக்கு மேல் கண்ணாடி பதித்து, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காண வழிசெய்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி மேல் நடப்பவரின் உரிமை, அவர் கட்டணம் கட்டினாரா என்பதைப் பொறுத்து மாறுவது நியாயமே இல்லை. கண்ணாடி உடைந்தால் இருவருக்கும் ஒரே காயம்தான்.

அத்துமீறி நுழைபவருக்கும் சில பாதுகாப்புகள் உண்டு. மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் பட்டு அண்டைவீட்டுப் பெண் இறந்த பீகார் வழக்கில், கம்பியைக் கட்டியவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

அழைப்பாளர், அனுமதி பெற்றவர் என்ற பிரிவை இங்கிலாந்து 1957ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் இத்தகைய வழக்குகளைப் பொதுவான கவனக்குறைவு விதிக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இன்னும் இல்லை. நீதிமன்றங்கள் பொதுச் சட்ட மரபையே துணைக்கொள்கின்றன.