பாராகிளைடிங் இருக்கைப் பட்டையின் வரலாறு

பாராகிளைடிங் இருக்கைப் பட்டை என்பது பாராகிளைடரின் துணிச் சிறகிலிருந்து பறப்பவரைத் தொங்கவிட்டுத் தாங்கும் பட்டைகளும் இருக்கையும் சேர்ந்த அமைப்பாகும். ஹார்னஸ் என்ற பெயரிலேயே இது பெரிதும் வழங்குகிறது. உட்காரும் வசதி, சிறகைத் திருப்பும் கட்டுப்பாடு, விபத்தில் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் கொண்டே ஒரு ஹார்னஸ் மதிப்பிடப்படுகிறது. இம்மூன்றும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தவை அல்ல. ஒன்றைக் கூட்டும்போது மற்றொன்று குறைவதும் உண்டு.

முன்னோடிகள்

1797இல் பாரிசில் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கிய ஆந்திரே-ழாக் கார்னெரின் ஒரு கூடைக்குள் நின்றபடியே இறங்கினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலூனிலிருந்து குதித்துக் காட்டியவர்கள் ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டோ, கயிற்று ஊஞ்சலில் அமர்ந்தோ இறங்கினர். 1890இல் கல்கத்தாவில் பாராசூட்டில் இறங்கிய ராமச்சந்திர சட்டர்ஜி, அவ்வாறு இறங்கிய முதல் இந்தியராகக் கருதப்படுகிறார்.

1919 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்து, முதுகில் கட்டியிருந்த பாராசூட்டைத் தாமே இழுத்து விரித்தார். தோள், மார்பு, தொடை ஆகிய இடங்களைச் சுற்றிக் கட்டும் பட்டைகள் இதன் பின்னர் வழக்கமாயின.

பாராகிளைடிங்கின் தொடக்கம்

1978இல் பிரான்சின் மியூசி என்னும் ஊரில் ழான்-குளோத் பெத்தாம், ஆந்திரே போன், ஜெரார் போசோன் ஆகியோர் பாராசூட்டுடன் மலைச்சரிவில் ஓடிப் புறப்பட்டுப் பறந்தனர். நவீன பாராகிளைடிங் இங்கிருந்தே வளர்ந்தது. அவர்கள் அணிந்தவை பாராசூட் ஹார்னஸ்களே. அவற்றில் சிறகின் பட்டைகள் தோளருகே இணைவதால் உடல் நிமிர்ந்து தொங்கும். எடை முழுவதும் தொடைப் பட்டைகளில் விழும். சில நிமிடங்களில் தரையிறங்குபவருக்கு இது போதும். மணிக்கணக்கில் பறப்பவருக்குக் கால் மரத்துப்போகும்.

ஆகவே முதலில் தேடப்பட்டது வசதியே. பறப்பவர் உட்காருவதற்குப் பலகை சேர்க்கப்பட்டது. இணைப்புக் கொக்கிகள் தோளிலிருந்து மார்பு உயரத்திற்கு இறக்கப்பட்டன. இம்மாற்றத்தால் கட்டுப்பாடும் கூடியது. இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்தால் அப்பக்கத்துச் சிறகில் எடை கூடி, சிறகு அத்திசையில் திரும்பியது.

கட்டுப்பாடு

இரு கொக்கிகளுக்கும் இடையிலான தொலைவை மார்புப் பட்டை தீர்மானிக்கிறது. பறப்பவரின் எடையைப் பொறுத்து இது பொதுவாக 40 முதல் 48 செ.மீ. வரை வைக்கப்படுகிறது. தொலைவு கூடினால் எடைச் சாய்வு எளிதாகும். ஆனால் சிறகின் ஒரு பகுதி மடங்கும்போது பறப்பவர் அப்பக்கமாகவே சரிவார். தொலைவு குறைந்தால் சரிவு குறையும். ஆனால் சிறகு சுழலும்போது கயிறுகள் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். உடலைப் பைபோல மூடும், சாய்ந்து படுக்கும் வகை ஹார்னஸ்கள் காற்றுத்தடையைக் குறைக்கின்றன. அவற்றில் கால்கள் நீண்டிருப்பதால் உடல் சிறகோடு சேர்ந்து விரைவாகச் சுழலாது. எனவே முறுக்கு ஏற்படும் அபாயம் மிகுதி. தொடக்கநிலையினருக்கு நிமிர்ந்து அமரும் வகையே பரிந்துரைக்கப்படுகிறது.

பாதுகாப்பு

முதுகெலும்பைக் காக்க இருக்கையின் அடியில் தடித்த நுரைப் பஞ்சு வைக்கப்பட்டது. பின்னர் காற்றுப் பைகள் வந்தன. இவை எடை குறைந்தவை. ஆனால் எதிர்க்காற்றால் நிரம்பும் வகையிலான பை, புறப்படும் கணத்தில் முழுமையாக நிரம்பியிருக்காது. அவசரப் பாராசூட்டுக்கான அறையும் ஹார்னசிலேயே அமைந்தது. ஹார்னசின் உறுதியை ஐரோப்பாவின் ஈ.என். 1651 தரநிலையும், அவசரப் பாராசூட்டை ஈ.என். 12491 தரநிலையும் வரையறுக்கின்றன.

இந்தியாவில்

இந்தியாவில் இவ்விளையாட்டின் முதன்மையான இடம் இமாச்சலப் பிரதேசம். 2015இல் அங்குள்ள பீர்-பில்லிங்கில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. தமிழ்நாட்டில் ஏலகிரி மலையில் பாராகிளைடிங் விழாக்கள் நடந்துள்ளன. கடலூர், சிதம்பரம் போன்ற கடலோரச் சமவெளிகளில் ஓடிப் புறப்படுவதற்கு ஏற்ற மலைச்சரிவு இல்லை. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் பலருக்குக் குலு, மணாலிச் சுற்றுலாவின்போதே முதல் பறப்பு வாய்க்கிறது. அது பெரும்பாலும் டேண்டம் எனப்படும் இருவர் பறப்பாகும். பயணி முன்னும் விமானி பின்னும் அமர்வர்.

2019 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற இளைஞர் ஒருவர் குலுவில் இவ்வாறு பறந்தபோது, பட்டை கழன்று கீழே விழுந்து உயிரிழந்ததாகச் செய்திகள் வெளியாயின. 2022 டிசம்பரில் மகாராட்டிரத்தைச் சேர்ந்த பயணி ஒருவரும், 2024 பிப்ரவரியில் தெலங்கானாவைச் சேர்ந்த பயணி ஒருவரும் அதே மாவட்டத்தில் பறப்பின்போது விழுந்து இறந்தனர். 2024 நிகழ்வில் பயணியின் பட்டை சரிபார்க்கப்படாததே காரணம் எனக் கூறப்பட்டு, விமானி கைது செய்யப்பட்டார்.

கால் பட்டைச் சிக்கல்

கால் பட்டையைப் பூட்ட மறப்பது உலகெங்கும் அறியப்பட்ட தவறாகும். தரையில் நிற்கும்போது உடலின் எடையைக் கால்களே தாங்குகின்றன; தோளிலும் மார்பிலும் பட்டை இருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். கால் தரையை விட்ட பின்னரே எடை பட்டைகளுக்கு மாறுகிறது. கால் பட்டை இல்லாதவர் இருக்கையில் அமர முடியாமல் கீழே வழுகி, மார்புப் பட்டையில் அக்குளால் தொங்குவார். அந்நிலையில் விமானியால் அவரைத் தூக்கி அமர்த்துவது மிகக் கடினம்.

இதைத் தவிர்க்க, கால் பட்டையையும் மார்புப் பட்டையையும் ஒரே பூட்டில் இணைக்கும் முறைகள் உருவாயின. இவற்றில் கால் பட்டையை விட்டுவிட்டு மார்புப் பட்டையை மட்டும் பூட்ட இயலாது. ஆனால் பழைய ஹார்னஸ்களில் இவ்வசதி இல்லை.

இமாச்சலப் பிரதேசத்தில் 2004ஆம் ஆண்டின் வான் விளையாட்டு விதிகள் விமானிகளின் பதிவையும் கருவிச் சோதனையையும் கட்டாயமாக்கின. 2022இல் இந்திய அரசு தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது.

மதிப்பிடும் முறை

புதிய ஹார்னசைப் பறப்பதற்கு முன் உத்தரத்தில் தொங்கவிட்டு அமர்ந்து பார்ப்பது வழக்கம். அரை மணி நேரம் அமர்ந்தும் தொடை மரத்துப்போகாமை வசதியைக் காட்டும். இடுப்பைச் சாய்க்கும்போது இருக்கை இணங்கினால் கட்டுப்பாடு சரியாக உள்ளது. கையால் தள்ளாமலே நிற்கும் நிலையிலிருந்து அமரும் நிலைக்கு மாற முடிவதும், அவசரப் பாராசூட்டின் கைப்பிடி எட்டுவதும் பாதுகாப்பின் அடையாளங்கள்.

டேண்டம் பயணிக்கு இச்சோதனைகளுக்கு வாய்ப்பில்லை. அவருடைய பட்டைகளை வேறொருவரே பூட்டுகிறார். ஓடத் தொடங்குமுன் இரு தொடைப் பட்டைகளும் ஒரு மார்புப் பட்டையும் பூட்டியிருப்பதைத் தொட்டு இழுத்துப் பார்ப்பது மட்டும் அவராலும் செய்யக்கூடியது. அதற்குச் சில நொடிகளே ஆகும்.