தலைப்பாகைகளின் கணக்கு

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று ஒரு சொலவடை உண்டு. பெரிய ஆபத்து சின்ன இழப்போடு விலகிப்போனால் சொல்வது. சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு, கோயிலில் ஒரு சிதறுகாய், அத்தோடு மறந்துவிடுவோம். செய்தித்தாள்கள் இதையே 'நூலிழையில் தப்பியது' என்று எழுதும். மறுநாள் அந்தச் செய்திக்குத் தொடர்ச்சி இருக்காது. தப்பிச்சாச்சே, அப்புறம் என்ன?

2025 டிசம்பர் 12. கரீபியன் கடலில் இருக்கும் குராசாவ் தீவிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பிய ஜெட்ப்ளூ விமானம் ஒன்று மேலேறிக்கொண்டிருந்தது. அதன் பாதைக்குக் குறுக்கே, அதே உயரத்தில், அமெரிக்க விமானப்படையின் டேங்கர் விமானம் போனது. டேங்கர் என்றால் நடுவானில் மற்ற விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டும் விமானம். ஜெட்ப்ளூ விமானி மேலேறுவதை நிறுத்தினார். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் ரேடியோவில் அவர் கொதித்துப்போய்ப் பேசினார். டேங்கரின் டிரான்ஸ்பாண்டர் அணைந்திருந்தது என்பதுதான் அவருடைய கோபம்.

டிரான்ஸ்பாண்டர் சின்னக் கருவிதான். தரையிலுள்ள ரேடார் 'யாருப்பா அது?' என்று கேட்டால், 'நான்தான், இத்தனை அடி உயரத்துல இருக்கேன்' என்று பதில் சொல்லும். பயணிகள் விமானங்களில் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவியும் உண்டு. அது அக்கம்பக்கத்து விமானங்களிடம் இதே கேள்வியைக் கேட்டு, பதிலை வைத்து 'மேலே ஏறு', 'கீழே இறங்கு' என்று விமானியை எச்சரிக்கும். பதில் சொல்லாத விமானம் டிகாஸைப் பொறுத்தவரை வானத்திலேயே இல்லை.

சரி, ராணுவ விமானம் மட்டும் இப்படி வாயை மூடிக்கொண்டு பறக்கலாமா? பறக்கலாம். 1944இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கைதான் இன்றும் உலக விமானப் போக்குவரத்துக்கு அடிப்படை. அதன் மூன்றாவது பிரிவு, இந்த உடன்படிக்கை சிவில் விமானங்களுக்கு மட்டுமே என்கிறது. ராணுவம், சுங்கம், போலீஸ் விமானங்களுக்குப் பொருந்தாது. கூடவே ஒரு வரி: தங்கள் ராணுவ விமானங்களுக்கு விதி வகுக்கும் நாடுகள், சிவில் விமானங்களின் பாதுகாப்பை உரிய முறையில் கருத்தில் கொள்ள வேண்டும். அந்த 'உரிய முறை' எது என்று முடிவுசெய்கிறவர்கள் யார்? பறக்கவிடுகிறவர்களேதான்.

இந்த விதிவிலக்குக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேவு பார்க்கப் போகிற விமானம் தன் இருப்பைத் தம்பட்டம் அடித்துக்கொண்டு போக முடியாது. சிக்கல் என்னவென்றால், போருக்கென்று எழுதிய சலுகை அமைதிக்காலப் பயிற்சிப் பறத்தலுக்கும் வழக்கமாகிவிட்டது. அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்தார்கள்.

1958 ஏப்ரல் 21 காலை. யுனைட்டட் நிறுவனத்தின் டிசி-7 விமானம் லாஸ் வேகாஸ் அருகே 21,000 அடியில் தனக்கென ஒதுக்கிய பாதையில் போய்க்கொண்டிருந்தது. நெல்லிஸ் விமானப்படைத் தளத்தின் எஃப்-100 போர் விமானம் ஒன்று, பயிற்சிக்காக உயரத்திலிருந்து வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. பயிற்சி பெற்ற விமானியின் இருக்கையைத் திரையிட்டு மூடியிருந்தார்கள். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சி அது. ஒரு விமானத்தைச் சிவில் அதிகாரிகள் கவனித்தார்கள், இன்னொன்றை ராணுவம் கவனித்தது. ஒருவர் கணக்கில் மற்றவர் இல்லை. இரண்டும் மோதின. 49 பேர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கையில் நம்மை உறுத்த வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பயிற்சி ஒரு வருடத்துக்கும் மேலாகச் சிவில் பாதைகளுக்குள்ளேயே நடந்துவந்திருக்கிறது. ராணுவ ஜெட்கள் மிக நெருக்கத்தில் கடந்துபோவதாகப் பயணிகள் விமானிகள் பல முறை புகார் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு தலைப்பாகை. யாரும் எண்ணவில்லை.

ஒரு மாதம் கழித்து, மே 20 அன்று, மேரிலாந்து வானில் கேப்பிட்டல் நிறுவனத்தின் விமானமும் ராணுவப் பயிற்சி ஜெட்டும் மோதியதில் 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் வேகம் வந்தது. ஆகஸ்ட் 23 அன்று ஐசனோவர் புதிய விமானச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வான்வெளி முழுவதையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருவதற்காக இன்றைய எஃப்.ஏ.ஏ. அமைப்பு பிறந்தது.

பிரச்சினை தீர்ந்ததா? 1971 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் ஹியூஸ் ஏர்வெஸ்ட் நிறுவனத்தின் டிசி-9 விமானத்தோடு மரைன் படையின் ஃபாண்டம் ஜெட் மோதியது. ஃபாண்டத்தின் டிரான்ஸ்பாண்டர் பழுதாகியிருந்தது. 'கண்ணால் பார், விலகிக்கொள்' என்ற பழைய விதியை நம்பிப் பறந்தது. இரண்டு ஜெட்கள் நெருங்கும் வேகத்தில், கண் ஒரு புள்ளியைப் பார்த்து, மூளை அதை விமானம் என்று புரிந்துகொண்டு, கை திருப்புவதற்குள் காரியம் முடிந்துவிடும். 50 பேர் இறந்தார்கள்.

அடுத்த மாதமே ஜப்பான். ஜூலை 30 அன்று, சப்போரோவுக்கு அருகிலுள்ள சிதோசேயிலிருந்து டோக்கியோ போய்க்கொண்டிருந்த ஆல் நிப்பான் ஏர்வேஸ் போயிங் 727 விமானமும், பயிற்சியிலிருந்த எஃப்-86 போர் விமானமும் ஷிசுகுயிஷி வானில் மோதின. போயிங்கில் இருந்த 162 பேரும் இறந்தார்கள். பயிற்சி விமானி பாராசூட்டில் இறங்கிப் பிழைத்தார். பயணிகளில் பெரும்பாலோர் ஃபுஜி நகரிலிருந்து சுற்றுலா போயிருந்தவர்கள். போரில் உறவுகளை இழந்த குடும்பங்களின் சங்கத்தினர். கணவனையோ மகனையோ போருக்குக் கொடுத்துவிட்டு மிஞ்சியிருந்தவர்களை, போரே இல்லாத ஒரு மதியத்தில் ஒரு போர் விமானம் கொன்றது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1996 நவம்பர் 12 அன்று சர்க்கி தாத்ரி வானில் மோதிய சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் சிவில் விமானங்கள்தான். கசகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணம். ஆனால் வருகிற விமானமும் போகிற விமானமும் ஏன் ஒரே பாதையில் எதிரெதிரே வந்தன? டில்லி வானத்தின் பெரும்பகுதி விமானப்படை வசம் இருந்தது. சிவில் விமானங்களுக்கு மிஞ்சியது ஒரு சந்து. அந்தச் சந்தில் 349 உயிர்கள் போயின. அதன் பிறகே பாதைகள் பிரிக்கப்பட்டன, டிகாஸ் கட்டாயமானது.

இப்போது வாஷிங்டனுக்கு வருவோம். 2025 ஜனவரி 29 இரவு, ரீகன் விமான நிலையத்தில் இறங்கவிருந்த பயணிகள் விமானமும் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் பொட்டோமாக் ஆற்றுக்கு மேலே மோதின. 67 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் அந்த இடத்தில் 200 அடிக்கு மேல் போயிருக்கக் கூடாது. ஆனால் அந்த வழித்தடத்தின் வரைபடமே விபரீதமானது. ஹெலிகாப்டர் விதியை மீறாமல் பறந்தாலும்கூட, இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் இடையே வெறும் 75 அடிதான் மிஞ்சக்கூடிய இடம் அதில் இருந்தது. ஹெலிகாப்டர் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி வசதியும் அன்று வேலை செய்யவில்லை. அது இல்லாமல் பறக்க ராணுவத்துக்குச் சலுகை இருந்தது.

விபத்துக்குப் பிறகு விசாரணை வாரியம் பழைய பதிவுகளைத் தோண்டியது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, அந்த ஒரு விமான நிலையத்தைச் சுற்றி மட்டும், ஹெலிகாப்டர்களும் பயணிகள் விமானங்களும் பக்கவாட்டில் ஒரு கடல் மைலுக்குள்ளும் உயரத்தில் 400 அடிக்குள்ளும் நெருங்கிய தருணங்கள் 15,214. இவற்றில் எல்லாமே ராணுவ ஹெலிகாப்டர்கள் இல்லைதான். அவற்றில் 85 முறை, பக்கவாட்டில் 1,500 அடிக்கும் உயரத்தில் 200 அடிக்கும் குறைவான இடைவெளி. மொத்தத்தை வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 13. இந்தத் தகவல் எந்த ரகசியப் பெட்டகத்திலும் இருக்கவில்லை. அரசின் கணினிகளிலேயே இருந்தது. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த வழித்தடத்தை மாற்ற 67 பேர் சாக வேண்டியிருந்தது.

1958இல் விமானிகளின் புகார்க் கடிதங்கள், 2025இல் கணினிப் பதிவுகள். 67 வருடத்தில் எச்சரிக்கை வரும் வடிவம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒருமுறை தப்பிவிட்டால், ஏற்பாடு சரியாகத்தான் இருக்கிறது என்ற மெத்தனம் வந்துவிடுகிறது. அதே ஏற்பாட்டில் அடுத்த விமானம் கிளம்புகிறது.

அடுத்த முறை 'நூலிழையில் தப்பியது' என்ற தலைப்பு கண்ணில் பட்டால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எதிரே வந்த விமானம் யாருடையது? அதன் டிரான்ஸ்பாண்டர் பேசிக்கொண்டிருந்ததா? இதே இடத்தில் இதற்கு முன்னால் எத்தனை முறை இப்படி நடந்திருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் எங்கோ ஒரு பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும்.