வரலாற்றைத் திரும்ப நடத்துதல்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குச் செல்பவர் பலரும் ஒன்பது நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, வாயிலில் வீசும் காற்றை வியந்து உள்ளே போய்விடுகின்றனர். பராக்கிரம பாண்டியனின் விண்ணப்பம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. 15ஆம் நூற்றாண்டின் நடுவே இக்கோயிலை எழுப்பிய அம்மன்னன், பிற்காலத்தில் இதற்குக் குறை நேர்ந்தால் அதைச் சீர்செய்து காப்போரை இப்போதே பணிகிறேன் என்னும் பொருளில் ஒரு செய்யுளைக் கல்லில் பொறிக்கச் செய்தான். குறையும் வந்தது. நெடுங்காலம் சிதைந்து நின்ற கோபுரம் 1990இல்தான் மீண்டும் முழுமை பெற்றது. ஆயினும் எழுந்தது புதுக் கோபுரமே. பழையது எவ்வாறு இருந்தது என்பதை விண்ணப்பம் சொல்லாது.

இழந்ததை இழந்தபடியே மீட்கப் படி வேண்டும். சோழர்கள் இதை அறிந்திருந்தனர். திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசர் தம் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தார். அவை இராசேந்திரரின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026இல், புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளை நாம் கவனிக்க வேண்டும். படியெடுத்த நாளுக்குப் பின் வந்த கொடை எதுவும் அப்படியில் இருக்க வழியில்லை. அதற்கு வேறோர் ஏடு வேண்டும்.

இதே இடைவெளிதான் மெயின்ஃப்ரேம் காலத்துக் கணினியாளரையும் வாட்டியது. குற்றாலத்தில் சாரல் காலத்து விடுதி ஒன்றை எண்ணிக்கொள்வோம். ஞாயிறு இரவு கணக்கர் அறைப் பேரேட்டைப் படியெடுத்து வேறிடத்தில் வைக்கிறார். திங்கள் முழுதும் வந்தவர், போனவர், முன்பணம் தந்தவர், தந்ததைத் திரும்பப் பெற்றவர் அனைவரும் வரிசை எண்ணோடு சிட்டையில் ஏறுகின்றனர். செவ்வாய் காலை பேரேடு மழையில் ஊறிப்போகிறது. ஞாயிற்றுப் படியை மட்டும் நம்பினால் திங்களன்று வந்தவருக்கு அறை இல்லை. சிட்டையை மட்டும் நம்பினால் முன்பே தங்கியிருந்தவர் காணாமற்போவர். படியை விரித்து, அதன்மேல் சிட்டையை வரிசை பிறழாமல் ஏற்றவேண்டும். அப்பல்லோ விண்கலத்தின் உதிரிப் பாகங்களைக் கணக்கிட ஐபிஎம் உருவாக்கி 1968இல் இயங்கத் தொடங்கிய ஐஎம்எஸ் போன்ற தரவுத்தளங்களுக்குக் காந்த நாடாவே சிட்டையாயிற்று.

சொல்வது எளிது. சிட்டையில் பாதி எழுதி நின்றுபோன வரவை என்செய்வது? பேரேட்டில் ஏற்கெனவே ஏறிய வரி மறுமுறை ஏறாமல் தடுப்பது எங்ஙனம்? இவற்றுக்கு முழுமையான விடை தந்தவருள் முதன்மையானவர் தமிழ்நாட்டில் பிறந்த சி. மோகன். இலக்கிய வாசகர் நன்கறிந்த சி. மோகன் அல்லர்; இவர் சந்திரசேகரன் மோகன். சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் பயில வந்தவர், 1973இல் ஜெர்மானிய உதவியால் அங்கு நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 மெயின்ஃப்ரேமிடம் மனத்தைப் பறிகொடுத்தார். 1977இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்று, ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தார். நால்வரோடு இணைந்து அவர் 1992இல் வெளியிட்ட 'ஏரீஸ்' என்னும் மீட்புமுறை, ஐபிஎம்மின் டிபி2 முதலாய பல தரவுத்தளங்களுக்கு அடிப்படையாயிற்று.

அம்முறையின்படி எந்த மாற்றமும் பேரேட்டை அடையுமுன் சிட்டையை அடைந்திருக்க வேண்டும். (அழிவுக்கு முன்பே அழிவைப் பற்றி எழுதிவைத்த பாண்டியனை இங்கு நினையாமலிருக்க முடியவில்லை.) சிட்டையின் ஒவ்வொரு பதிவுக்கும் ஏறுமுக எண் உண்டு. பேரேட்டின் ஒவ்வொரு பக்கமும் தன்மேல் கடைசியாக ஏறிய பதிவின் எண்ணைத் தாங்கி நிற்கும். இரண்டையும் ஒப்பிட்டாலே, பதிவு ஏறியதா இல்லையா என்பது விளங்கிவிடும். வேலையை நிறுத்தாமலே எடுத்த, முன்பின் முரணான படியைக்கூட இவ்வெண்களின் துணையால் நேராக்கலாம்.

நம்மை ஈர்ப்பது இதன் இரண்டாம் கட்டம். அதற்கு மோகன் குழுவினர் இட்ட பெயரே 'வரலாற்றைத் திரும்ப நடத்துதல்'. முடிந்த செயல்களை மட்டும் பொறுக்கி ஏற்றுவதில்லை. அரைகுறையாய் நின்றவற்றையும் நடந்த வரிசையிலேயே மறுபடி நடத்துவர். விபத்து நேர்ந்த கணத்தின் நிலை அப்படியே திரும்பிய பிறகுதான் நிறைவேறாதவற்றைப் பின்னோக்கி ஒவ்வொன்றாய் விலக்குவர். தோற்ற மன்னரின் மெய்க்கீர்த்தியை உளியால் செதுக்கி எறிவதற்கு இது நேரெதிர்.

மீட்பு நடக்கையிலேயே மீண்டும் மின்சாரம் போனால்? விலக்கிய ஒவ்வொன்றும் 'இது விலக்கப்பட்டது' என்று அதே சிட்டையில் புதுப் பதிவாகவே ஏறியிருக்கும். அடுத்து வருபவர் விலக்கியதை மறுபடி விலக்க மாட்டார். விட்ட இடத்திலிருந்தே தொடர்வார்.