கோணேசர் கடலில் ஆர்தர் கிளார்க்

வீட்டுக் கூரைகளில் இன்று காணும் டிஷ்களுக்கு ஆதாரமான, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் துணைக்கோள்களை நிறுத்தும் யோசனையை 1945-இலேயே கணக்கிட்டு எழுதிய ஆங்கில விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் கிளார்க், 1956-இல் இலங்கையில் குடியேறியதற்கு ஆகாயமன்று, சமுத்திரமே காரணம். சம்பந்தர் பாடிய திருக்கோணமலையில், போர்த்துக்கீசியர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் செதுக்குக் கற்களையும், சுவாமிமலைச் செங்குத்துப் பாறையின் அடியில், சகா மைக் வில்சனுடன் மூழ்கிக் கண்டார். அவருடைய விண்வெளி நவீனங்களைவிட இந்த முழுக்குக்கே நாம் அதிகம் கடமைப்பட்டவர்கள் என்பது என் அபிப்பிராயம். அவ்வனுபவங்களை 1957-இல் நூலாக்கிய கிளார்க், 2008-இல் கொழும்பிலேயே காலமானார்.