காளை (ஓவியம்)

டச்சு ஓவியர் பவுலுஸ் போட்டர் (1625–1654) 1647இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். தி ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. உயரம் ஏறத்தாழ 2.4 மீட்டர், அகலம் 3.4 மீட்டர். அரசர்களுக்கும் புராணக் காட்சிகளுக்கும் ஒதுக்கப்பட்டு வந்த அளவை ஓர் இளங்காளைக்குத் தந்ததுதான் இதன் துணிச்சல். முதலில் காளையை மட்டுமே வரையத் தொடங்கிய போட்டர், பின்னர் துணியைப் பெரிதாக்கிப் படுத்திருக்கும் பசு, செம்மறியாடுகள், மரத்தடியில் நிற்கும் குடியானவர் எனச் சேர்த்துக்கொண்டே போனார். மொய்க்கும் ஈக்கள், தரையில் கிடக்கும் சாணம், ஒரு தவளை எதையும் அவர் விட்டுவிடவில்லை.

அக்கால டச்சு அச்சுப்படங்களில் கொழுத்த பசு நாட்டையே குறித்தது. நீரை வடித்து மீட்ட புல்வெளிகளும், வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஈட்டித்தந்த செழிப்பும் அதற்குப் பின்னே இருந்தன. ஸ்பெயினுடனான நெடும்போர் 1648இல் முடிந்ததால், இக்காளையையும் புதிய குடியரசின் வலிமைச் சின்னமாகப் பலர் வாசித்தனர். ஓவியத்திலோ அதற்கு வெளிப்படையான குறிப்பு ஏதுமில்லை; ஈர மூக்கும் சுருள்மயிரும் கொண்ட உயிராகவே அது முதலில் கண்ணில் படுகிறது. 1795இல் பிரெஞ்சுப் படையினர் இதைப் பாரிசுக்குக் கொண்டுபோயினர். 1815இல் நாடு திரும்பியது.